‘துக்தர்’ படத்துக்கு வந்த எதிர்வினைகளை எப்படிப் படிப்பது?

‘துக்தர்’ குழந்தைத் திருமணத்தைப் பற்றிய பாகிஸ்தான் படம். முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் படத்தைப் பற்றியே பேசுவதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: 2025 மே மாதம் பாகிஸ்தான் படைப்புகளை நிறுத்தச் சொல்லி ஓடிடி தளங்களுக்கு இந்திய அரசு அறிவுறுத்தியதிலிருந்து இதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை. வெளிநாட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். உருதுவும் பஷ்தோவும் கலந்து வரும், சப்டைட்டில் போதும்.

அஃபியா நத்தானியல் இயக்கி 2014-இல் வந்த படம் இது. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மலைநாட்டில் இரண்டு குலங்களுக்குள் தீராத பகை, கொலைக்குக் கொலை. சமாதானம் வேண்டுமானால் உன் பத்து வயது மகளை எனக்குக் கட்டிக்கொடு என்கிறான் எதிர்க்குலத்துக் கிழட்டுத் தலைவன் தோர் குல், தகப்பனும் சரி என்கிறான். கல்யாண நாளில் தாய் அல்லா ரக்கி மகள் ஜைனபைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள். வழியில் சொஹைல் என்ற லாரிக்காரன் கிடைக்கிறான், பாகிஸ்தானுக்கே உரிய பூவேலைப்பாடு நிறைந்த லாரி. மீதியெல்லாம் துரத்தல்தான்.

பார்க்கும்போது மகளைவிடத் தாயைக் கவனியுங்கள். பள்ளியில் படித்த ஆங்கில வார்த்தைகளை மகள் சொல்லித்தர, அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள், சின்னக் காட்சிதான். அல்லா ரக்கியே 15 வயதில் லாகூரிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள், பெற்ற தாயை அதன்பிறகு பார்த்ததே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், “ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வரும், நம்பும்படியாக இல்லை” என்கிற விமர்சனத்துக்கு உங்களிடமே பதில் இருக்கும். அல்லா ரக்கியாக நடித்த சமியா மும்தாஜ் அந்தப் பயத்தை முகத்தை அதிகம் அசைக்காமலே காட்டிவிடுவார்.

சரி, இப்போது எதிர்வினைகளுக்கு வருவோம். யாருடைய கருத்தைப் படித்தாலும், இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் சினிமாவை மட்டும் பார்க்கிறவர்கள்: முதல் பாதி விறுவிறு, தாய்க்கும் லாரிக்காரனுக்கும் இடையில் மெல்லிய நெருக்கம் வந்ததும் படம் தொய்கிறது என்பார்கள். நியாயமான குறைதான், எனக்கும் அதில் பாதி சம்மதம். முடிவைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் சண்டை உண்டு. அந்தப் பக்கம் படம் பார்க்கும் முன் போகாதீர்கள்.

இன்னொரு கூட்டம், “நம் வீட்டு அழுக்கை வெளிநாட்டுக்காரன் முன்னால் ஏன் வெளுக்க வேண்டும்” என்கிறது. டொராண்டோ விழாவில் திரையிட்டு, பாகிஸ்தான் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்ட படம் என்பதால் இந்தக் கோபம் வருகிறது. இவர்களிடம் படத்தின் காட்சியமைப்பைப் பற்றி வாதாடிப் பயனில்லை, அவர்களுடைய கவலையே வேறு. ஆனால் இதை ஒட்டியே வரும் மற்றொரு மனக்குறையை இதோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். திரையில் பஷ்தூன் (பஷ்தோ பேசும் இனத்தவர்) என்றாலே தாடி, துப்பாக்கி, பழிவாங்கல்தானா என்று பஷ்தூன்கள் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. பகையைத் தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கும் வழக்கம் பஷ்தூன்களிடம் ‘ஸ்வரா’ என்றால் பஞ்சாபில் ‘வனி’. ஒரு இனத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இரண்டுமே அங்கே சட்டப்படி குற்றம், ஸ்வரா இஸ்லாத்துக்கு விரோதமானது என்று 2021-இல், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மதத்தைக் கொண்டுவந்து வாதாடுகிறவர்களைப் படிக்கும் முன் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் யார் சொல்வதும் சரி போலவே தோன்றும். அடிப்படை 1929-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம், நம் பாட்டிமார் காலத்தில் சாரதா சட்டம் என்றார்களே, அதேதான். பிரிவினைக்குப் பிறகு அது இரண்டு நாட்டிலும் தொடர்ந்தது. பாகிஸ்தானில் பெண்ணின் குறைந்தபட்சக் கல்யாண வயது 14 என்று இருந்ததை 1961-இல் 16 ஆக்கினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 என்று சிந்து மாகாணம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்தது. தலைநகர் இஸ்லாமாபாத்துக்கு அதே 18 வர 2025 ஆகிவிட்டது, அப்போதும் அரசுக்கு மத விஷயத்தில் ஆலோசனை சொல்லும் இஸ்லாமியக் கொள்கைக் கவுன்சில் எதிர்த்தது. ஆக, “சட்டம்தான் இருக்கிறதே, எதற்குப் படம்” என்பவரிடம் எந்த மாகாணத்தில், எந்த வருடத்தில் என்று கேட்கலாம்.

டிவி நாடகத்துக்கு வரும் எதிர்வினையை இதே அளவுகோலால் அளக்காதீர்கள். 2023-இல் ஏஆர்ஒய் டிஜிட்டல் என்ற பாகிஸ்தான் சேனலில் வந்த ‘மாயி ரி’ நாடகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பெரியவர்கள் கல்யாணம் செய்துவைக்கிறார்கள், அந்தச் சிறுமி கர்ப்பமாகவும் ஆகிறாள். குழந்தைத் திருமணத்தைக் கண்டிக்க எடுத்த நாடகத்தில் அந்தப் பையனும் பெண்ணும் அழகான ஜோடியாகிப் போனார்கள், சேர்ந்து வாழட்டும் என்று ரசிகர்கள் உருகினார்கள். கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு காதல் கதையாக்கிவிட்டீர்களே என்று மற்றவர்கள் பொரிந்தார்கள். இதில் ரசிகர்களை மட்டும் திட்டுவது சுலபம். தினமும் சாயங்காலம் ஒரே இரண்டு முகத்தைக் காட்டினால் யாருக்கும் பாசம் வரத்தான் செய்யும், அதை எழுதுகிறவர்தான் கணக்கில் வைத்திருக்க வேண்டும். ‘துக்தர்’ இந்தப் பொறியில் விழவில்லை, கிழவனைக் கொஞ்சமும் அழகுபடுத்தவில்லை, கேமரா குழந்தையைக் குழந்தையாகவே பார்க்கிறது.

கடைசியில் நீங்களும் ஏதாவது எழுதப்போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். “அந்த நாட்டில் அப்படித்தான்” என்று தொடங்காதீர்கள்; அந்தப் படத்தை எடுத்ததும் நடித்ததும், அங்கே சட்டத்துக்காக மல்லுக்கட்டுவதும் அந்த நாட்டுக்காரர்கள்தான். இன்னொன்று, உங்களைத் தொட்ட ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு அது ஏன் தொட்டது என்று எழுதுங்கள், “கண்ணீர் வந்தது, கட்டாயம் பாருங்கள்” என்பதை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. முடிவைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் மேலேயே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.