ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் டிரிக்கரை வீட்டிலேயே சீராக்குவது எப்படி?

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் குறை, "டிரிக்கர் ரொம்பக் கனமா இருக்கு" என்பதுதான். உண்மையில் கனம் பெரிய பிரச்சினை இல்லை. எந்தப் புள்ளியில் சுடும் என்று விரலுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. ஒரு கிலோ இழுவை உள்ள டிரிக்கர்கூட, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சட்டென்று விடுபட்டால் நன்றாகவே சுடலாம். அரை கிலோ இழுவைதான், ஆனால் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே விடுபடுகிறது என்றால் இலக்கைத் தொட முடியாது.

ஸ்பிரிங் துப்பாக்கியில் இது கூடுதலாக உறைக்கும். டிரிக்கர் விடுபட்டதும் பிஸ்டன் முன்னால் பாய வேண்டும், காற்று அழுந்த வேண்டும், அதற்குப் பிறகே பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) நகரும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடும். சுடும் நொடியில் விரல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாலும் அது இலக்கு அட்டையில் தெரியும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் வைராக் நிறுவனத்தின் ரெக்கார்ட் டிரிக்கர். எச்டபிள்யூ 30எஸ், 50எஸ், 80, 95, 77, 97 ஆகிய மாடல்களில் இருப்பது இதுதான். அமெரிக்காவில் பீமன் ஆர்7, ஆர்9, ஆர்1 என்ற பெயர்களில் விற்றவற்றிலும் இதே டிரிக்கர்தான். தொடக்கக்காரர் கை வைக்கத் தோதானது, ஏனென்றால் சரிசெய்வதற்கென்றே வெளியில் தெரிகிற ஒரு திருகை வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன

துப்பாக்கியைக் காக் செய்யும்போது, அதாவது ஸ்பிரிங்கை அழுத்திச் சுடத் தயாராக்கும்போது, பிஸ்டன் தண்டின் பின்பகுதி டிரிக்கர் பெட்டிக்குள் நுழைந்து ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. அழுந்திய ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் தாங்குவது அந்தக் கொக்கி. ரெக்கார்டில் அந்தக் கொக்கியை இன்னொரு நெம்புகோல் பிடித்திருக்கும், அந்த நெம்புகோலை நம் விரல் படும் டிரிக்கர் தாங்கியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பலம் குறைந்துகொண்டே வருவதால், விரலுக்கு வந்து சேரும் சுமை மிகக் கொஞ்சம்.

மலிவான துப்பாக்கிகள் பலவற்றில் இந்த இடைக் கட்டங்கள் குறைவு. டிரிக்கரோடு இணைந்த சியரே (பிஸ்டனைக் கவ்வும் கொக்கி) பிஸ்டனை நேரடியாகப் பிடித்திருக்கும். அப்படிப்பட்டதை லேசாக்க வேண்டுமென்றால் சியர் கவ்வும் ஆழத்தைக் குறைப்பது தவிர வேறு வழி பெரிதாக இல்லை. அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. உங்களுடையது அந்த வகை என்றால் கீழே உள்ள முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் லேசாக நகரும், பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல நிற்கும். அதுவரை முதல் கட்டம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சுடும். அது இரண்டாம் கட்டம். அந்தச் சுவர் தெளிவாகத் தெரிய வேண்டும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படி 1: பாதுகாப்பு

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பழைய துணி அடைத்து, பின்பக்கம் இரும்புத் தகடு வைத்த பெட்டி ஒன்றை நிறுத்தி, வேலை முடியும்வரை குழல் அதை நோக்கியே இருக்கட்டும்.

குழலை மடித்துக் காக் செய்யும் துப்பாக்கியில், பெல்லட் போடும்போது இன்னொரு கை குழலை இறுகப் பிடித்தே இருக்க வேண்டும். குழல் திறந்திருக்கும்போது சியர் நழுவினால் குழல் பயங்கர வேகத்தில் மேலே அடிக்கும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. குழல் திறந்திருந்தால் டிரிக்கர் விடுபடாது என்று ரெக்கார்டை நம்ப முடியாது. டிரிக்கரில் கை வைத்த பிறகு இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். எதிரே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். சோதனைக்குச் சுட்டாலும் பெல்லட் போட்டே சுடுங்கள்.

படி 2: கட்டையின் திருகுகள்

துப்பாக்கி காக் ஆகாத நிலையில், கட்டையின் (துப்பாக்கியைத் தாங்கும் மரப் பகுதி) முன்பகுதியில் இரு பக்கமும் உள்ள திருகுகளையும், டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான டிரிக்கர் கார்டில் உள்ளவற்றையும் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதறலில் இவை தானாகவே தளரும். டிரிக்கர் மோசம் என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள், மரம் நொறுங்கும் அளவுக்கு வேண்டாம்.

படி 3: அளவெடுங்கள்

இருந்த நிலையைக் குறிக்காமல் திருகைத் தொடக் கூடாது. டிரிக்கர் இழுவை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மீன் எடை போடும் கொக்கித் தராசு போதும். துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் படுக்க வைத்து, பெல்லட் போட்டு, குழலை மூடி, சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) விடுவித்து, கொக்கியை டிரிக்கரின் நடுவில் மாட்டி நேர் பின்னால் மெதுவாக இழுங்கள். சுடும் கணத்தில் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். சராசரியைவிட, அந்த ஐந்து அளவுகளுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

படி 4: எடைத் திருகு

டிரிக்கருக்குச் சற்றுப் பின்னால் தெரியும் திருகு இது. கட்டையைக் கழற்றத் தேவையில்லை. துப்பாக்கி காக் ஆகாமல் இருக்கட்டும். திருகின் இப்போதைய நிலையைப் போட்டோ எடுத்துவிட்டு, இடஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இழுவை குறையும். வலஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு மறுபடி அளவெடுங்கள்.

எங்கே நிறுத்துவது? காகித இலக்குக்கு 600 முதல் 800 கிராம்வரை வசதியாக இருக்கும். 500 கிராமுக்குக் கீழே புதியவர் போக வேண்டாம். குளிரில் விறைத்த விரலோ, கையுறை போட்ட விரலோ அவ்வளவு லேசான டிரிக்கரை உணரவே உணராது. டிரிக்கரை விட்டதும் அது சுறுசுறுப்பாக முன்னால் திரும்பாமல் தொளதொளவென்று நின்றால் அளவு மீறிவிட்டது, அரைச் சுற்று திரும்பி வாருங்கள்.

டிரிக்கரின் மேலே, உள்பக்கமாக இன்னொரு சிறிய திருகு உண்டு. முதல் கட்டம் எங்கே முடிந்து இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையிலேயே சரியாக வைத்து அனுப்புகிறார்கள். அதைத் திருப்பி இரண்டாம் கட்டம் காணாமல் போனால், துப்பாக்கி காக்கிலேயே நிற்காமல் போகலாம், தட்டினால் சுடலாம். தொடாதீர்கள்.

படி 5: உயவு

கரகரப்பு இன்னும் இருந்தால் மட்டும் இது. காக் ஆகாத நிலையில் கட்டையைக் கழற்றி, டிரிக்கர் பெட்டிக்குள் உலோகத்தோடு உலோகம் உரசும் விளிம்புகளில் மாலிப்டினம் பேஸ்ட்டை (கெட்டியான உயவுப் பசை) பல்குச்சி நுனியால் ஒரு பொட்டு வையுங்கள். ஸ்ப்ரே எண்ணெயை அடித்துவிடாதீர்கள். அது வழிந்து பிஸ்டன் அறைக்குள் போனால், அழுத்தத்தின் சூட்டில் பற்றி டீசல் எஞ்சின்போல வெடிக்கும்.

டிரிக்கர் பெட்டியைப் பிடித்திருக்கும் குறுக்குப் பின்களை அப்படியே விடுங்கள். வேறு சில நிறுவனங்களின் துப்பாக்கிகளில் அந்தப் பின்கள்தான் மெயின் ஸ்பிரிங்கையே அடக்கி வைத்திருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் உருவினால் உள்ளே இருப்பதெல்லாம் முகத்துக்கு வரும்.

சியரை உப்புத்தாள் போட்டு மெருகேற்றும் வீடியோக்கள் நிறைய உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாகங்களில் கடினமாக்கப்பட்டது மேல்தோல் மட்டுமே. அதைத் தேய்த்துவிட்டால் ஒரு வாரம் வெண்ணெயாக இருக்கும், பிறகு மென்மையான உலோகம் தேய்ந்து கோணம் மாறும். ரெக்கார்டை இன்னும் மெருகாக்க ஆசையென்றால், இங்கிலாந்தின் ரோவன் எஞ்சினியரிங் போன்றவர்கள் செய்யும் டிரிக்கர் பிளேடு (டிரிக்கரில் விரல் படும் பகுதி) வாங்கி, கடைக்காரரிடமே மாட்டச் சொல்லலாம்.

படி 6: சோதனை

இதைச் செய்யாமல் துப்பாக்கியை வெளியே எடுக்கக் கூடாது. பெல்லட் போட்டு, குழலைப் பெட்டிக்கு நேராக வைத்து, சேஃப்டி போட்ட நிலையில் டிரிக்கரை நன்றாக இழுங்கள். சுடக் கூடாது. டிரிக்கரை விட்டுவிட்டு, விரலை எடுத்த பிறகு சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் சுடக் கூடாது. அப்புறம் கட்டையின் பின்புறத்தை ரப்பர் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள், பக்கவாட்டிலும் தட்டுங்கள். ஒரு முறை விடுபட்டாலும் எடைத் திருகை உள்ளே திருப்பி, முதலிலிருந்து தொடங்குங்கள். போட்டோவில் உள்ள பழைய நிலைக்கே கொண்டுவந்தும் விடுபடுகிறதென்றால் பழுது டிரிக்கருக்குள் இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் சரி என்றால் திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகத்துக்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு டப்பா பெல்லட் தீர்ந்ததும் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது, மூன்றாம் படியிலிருந்து மறுபடி.