வர்க்கமூலத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். விகிதமுறு எண் (முழு எண்களாலான பின்னமாக எழுத முடிவது), விகிதமுறா எண் (அப்படி எழுத முடியாதது) பாடம் வந்தாலே, நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் நடந்த அதே தவறுகள் அச்சு மாறாமல் விடைத்தாளில் வந்து நிற்கின்றன. √16-ஐ விகிதமுறா எண் என்று எழுதுவது போன்ற கவனக்குறைவுகளை விட்டுவிடுகிறேன்; அவை போகப்போகச் சரியாகிவிடும். யோசித்தே தப்பாக எழுதுகிறார்களே, அவைதான் கவலை.

கூட்டலைப் பிரிக்கவே கூடாது

√(9 + 16) எவ்வளவு? 25-இன் வர்க்கமூலம், அதாவது 5. ஆனால் நிறையப் பேர் √9 + √16 என்று பிரித்து 3 + 4 = 7 என்று முடித்துவிடுகிறார்கள். எண்களாக இருந்தால் சிலராவது சுதாரித்துக்கொள்வார்கள். இயற்கணிதத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் வந்துவிட்டால் கை தானாகவே பிரித்து எழுதிவிடுகிறது. எத்தனை முறை திருத்தினாலும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இந்த ஒரு வரி தப்பினால் அதற்குக் கீழே உள்ள பக்கம் முழுக்க வீண்.

நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி (1, 2), (4, 6) என்ற புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கண்டுபிடித்தாள். வித்தியாசம் 3, 4, வர்க்கம் 9, 16, எல்லாம் சரி. கடைசி வரியில் 7. 'சரி, படம் போட்டுப் பார்' என்றேன். வலப்பக்கம் 3, மேலே 4 என்று சுற்றிப் போனால் 7. நேர்கோட்டில் போனாலும் 7 என்றால் குறுக்கே போவதால் தூரம் குறையவே இல்லை! அவளே அடித்துவிட்டு 5 என்று எழுதினாள். அப்புறம் கேட்டாள்: 'பெருக்கலில் மட்டும் ஏன் பிரிக்கலாம்?'

கேட்க வேண்டிய கேள்வி. √9 × √16-ஐ வர்க்கப்படுத்தினால் 9 × 16 மட்டுமே வரும். √9 + √16-ஐ வர்க்கப்படுத்தினால் 9 + 16 + 2 × √9 × √16 வருகிறது. 25-உடன் ஒரு 24 கூடுதலாக ஒட்டிக்கொண்டு 49 ஆகிவிடுகிறது. இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தால்தான் அந்தக் கூடுதல் உறுப்பு மறையும்.

விகிதமுறா எண்களில் இந்தத் தவறு கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். √2 + √3 = √5 என்று எழுதினால் பார்வைக்கு உறுத்தாது. ஆனால் 1.414 + 1.732 = 3.146; √5-ஓ 2.236-தான். √2 + √2 = √4 = 2 என்று எழுதுபவர், தன்னை அறியாமல் √2 = 1 என்று சொல்லிவிடுகிறார். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2 = 1! சரியான விடை 2√2, அதாவது √8.

கால்குலேட்டர் காட்டுவது √2 அல்ல

1.41421356 என்பது முடிவுறு தசமம். எனவே விகிதமுறு எண். அதன் கடைசி இலக்கம் 6; வர்க்கப்படுத்தினால் கடைசியிலும் 6 வரும். 1 முதல் 9 வரை எந்த இலக்கத்தின் வர்க்கமும் 0-வில் முடியாது. ஆகவே புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் எழுதினாலும், அதன் வர்க்கம் சரியாக 2 ஆகாது.

பின்னமும் அப்படித்தான். வேள்வி மேடை அமைப்பதற்கான பழைய இந்திய வடிவியல் நூல்களான சுல்ப சூத்திரங்கள் √2-க்குத் தரும் தோராய மதிப்பு 577/408. 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தைப் போல் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இந்த வித்தியாசம் பூச்சியமாகாது. அதனால் கணக்கின் நடுவில் 1.41 போடாதீர்கள், கடைசி வரிவரை √2 என்றே இருக்கட்டும்.

√9 = ±3?

√9 என்றால் 3 மட்டும்தான். வர்க்கம் 9 ஆகும் எண்கள் எவை என்று கேட்டால்தான் 3, −3 என இரண்டு.

√0.9 = 0.3?

0.3 என்பது √0.09. √0.9 ஏறத்தாழ 0.949, அது விகிதமுறா எண்.

பை (π) = 22/7?

தோராயம் மட்டுமே. பை விகிதமுறா எண் என்று கணித அறிஞர் லாம்பர்ட் 1761-இல் நிரூபித்துவிட்டார்.

சுழற்சி தெரியாவிட்டால்

1/17-ஐ வகுத்துப் பாருங்கள்: 0.0588235294117647... பதினாறு இலக்கம் போன பிறகுதான் மீண்டும் அதே வரிசை தொடங்கும். பின்னம் என்பதால் இது விகிதமுறு எண்தான்; ஆனால் பத்து இலக்கத் திரையில் சுழற்சியே தெரியாது. திரையைப் பார்த்து விகிதமுறா எண் என்று முடிவு கட்டாதீர்கள்.

மூலக்குறியைப் பார்த்ததும் முடிவு செய்வது

√2 × √8 = 4. √18 ÷ √2 = 3. (3 + √5), (3 − √5) இரண்டையும் கூட்டினால் 6, பெருக்கினால் 4. முதலில் சுருக்குங்கள்; எந்த வகை எண் என்று பிறகு எழுதலாம்.