லோன்காரர் வாசலில் நின்று கத்தினால்

கடனுக்கு ஒரு வழி இருக்கிறது, ஏச்சுக்கு வேறொரு வழி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால் அறவிட வருகிறவருக்குத்தான் வசதி. “காசைக் கட்டாத உனக்கு என்ன கதை” என்று கேட்டவுடன் பலருக்கு வாய் அடைத்துப்போகும். காசு கட்ட வேண்டியிருப்பது உண்மைதான். அதற்காக அம்மாவையோ உம்மாவையோ தூஷணத்தில் ஏசவும், இரவு பத்து மணிவரை விறாந்தையில் குந்தியிருக்கவும் யாருக்கும் உரிமை வந்துவிடாது.

முதலில் யாரிடம் வாங்கிய கடன் என்று பாருங்கள். வங்கி, ஃபினான்ஸ் கம்பனி, குழுக்கடன் தரும் நுண்நிதிக் கம்பனி, ஃபோன் அப், ஊரில் மீற்றர் வட்டிக்கு (உரிமம் இல்லாத கொள்ளை வட்டிக்கு) விடுகிறவர் என ஒவ்வொன்றுக்கும் முறையிடும் இடம் வேறு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. நுண்நிதிக் கம்பனிகளுக்கான உரிமம் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒப்பந்தத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம்.

அடுத்தது, “பொலிஸ் வந்து பிடிக்கும்” என்ற வெருட்டு. தவணை கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது குடியியல் வழக்கு. விலக்குகளும் உண்டு. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த செக் திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்படி அது குற்றம். லீசிங் வாகனத்தை ஒளித்தாலோ, விற்றாலோ, பொய்யான சம்பளக் கடிதம் கொடுத்திருந்தாலோ பொலிஸ் உள்ளே வரலாம். இவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் கம்பனிக்கு எதையும் எழுதுவதற்கு முன் சட்டத்தரணியைப் பாருங்கள்.

வாசலுக்கு வருகிறவரிடம் கதையை நீட்டாதீர்கள். படலைக்கு வெளியே நிற்க வைத்து, பெயர், கம்பனி அடையாள அட்டை, கிளை ஆகியவற்றைக் கேளுங்கள். இவ்வளவு சொன்னால் போதும்: “அண்ணன், நான் கடன் இல்லையென்று சொல்லல்ல. இப்ப என்னட்ட காசில்ல. என்ன இருந்தாலும் எழுத்தில தாங்க, நானும் எழுத்தில பதில் தாறன். இப்ப போங்க.” போகச் சொன்ன பிறகும் வெருட்டவோ அவமானப்படுத்தவோ வளவுக்குள் நின்றால் அது குற்றவியல் அத்துமீறலாகலாம். உடம்புக்கோ, பெயருக்கோ, சொத்துக்கோ கேடு செய்வேன் என்றால் அது குற்றவியல் மிரட்டல், தண்டனைச் சட்டக்கோவையின் 483, 486ஆம் பிரிவுகள். “காசில்லாட்டி நீ வா” என்ற மாதிரி ஒரு பெண்ணிடம் கதைத்தால் 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவு. பிரிவு இலக்கங்களை அவருக்கு ஒப்புவிக்கத் தேவையில்லை, அவை பொலிஸில் சொல்வதற்கு.

குழுக்கடனில் நிலைமை வேறு. அங்கே கத்துவது கம்பனி ஆள் மட்டுமல்ல, குழுவில் உள்ள அயல் வீட்டு மாமியும்தான். ஐந்து பேர் குழுவில் உங்கள் தவணை வராவிட்டால், மற்ற நால்வரும் கட்டுங்கள் என்று குழு கூடும் சென்டரில் அவர்களை இருத்தி வைக்கிறார்கள். ஆகவே கூட்டத்துக்குப் போகாமல் ஒளிய வேண்டாம். ஒளிந்தால் அந்த நால்வரும் கம்பனி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். முதல் நாளே அவர்களிடம் போய், எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்று சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்காகக் கட்டினால் அதையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தொலைபேசியில் ஏசினால் திருப்பி ஏச வேண்டாம். நீங்கள் விடும் ஒரு தூஷண வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து உங்களுக்கு எதிராகவே கொண்டு வருவார்கள். அழைப்பைப் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவுகளை 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் சான்றாக முன்வைக்கலாம். ஆனால் பதிவான கருவியை எதிர்த்தரப்பு பார்வையிடக் கேட்கலாம். அசல் பதிவை அந்த ஃபோனிலேயே வைத்திருங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். ஃபோனை விற்பதும் அப்படித்தான், வழக்கு முடியும்வரை வேண்டாம்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி ஒவ்வொரு சம்பவத்தையும் திகதி, நேரம், இலக்கம், ஆள், சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி என்று அன்றைக்கே எழுதுங்கள். ஏசிய வார்த்தையை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். “தகாத வார்த்தை பேசினார்” என்று எழுதினால் அதில் எதுவும் நிற்காது.

இனிக் கணக்கு. பலர் எவ்வளவு கட்ட வேண்டும் என்றே தெரியாமல் கட்டுகிறார்கள். ஒரு லட்சம் ரூபா, 12 மாதம், “24 வீதம்” என்று சொல்லித் தந்தால் மாதம் 10,333 ரூபா, மொத்தம் 124,000. முதல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்று பார்த்தால் இது உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். மீற்றர் வட்டியில் மாதம் பத்து வீதத்துக்கு 50,000 எடுத்தால், ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 60,000 போயிருக்கும், முதல் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட தனியார் கடனில் வட்டி அளவுக்கு மீறினால் கணக்கைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு 1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டம் இடம் தருகிறது. தொகை எழுதாத வெற்று நோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் வாக்குறுதிப் பத்திரத்தில்) கையெழுத்து வாங்குவதும் அதன்படி குற்றம். கையெழுத்து வைத்துக் கொடுத்தாயிற்று என்றால் எந்தத் திகதியில், யார் முன்னால், எவ்வளவுக்கு என்பதை இன்றே கொப்பியில் எழுதுங்கள்.

கணக்குத் தெரிந்த பிறகு கடிதம். கிளை முகாமையாளருக்கு ஒன்று, தலைமையகத்துக்குப் பிரதி, இரண்டும் பதிவுத் தபாலில். தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

“கடன் இலக்கம் … தொடர்பாக. எனது மாத வருமானம் 45,000 ரூபா. வீட்டுச் செலவு போக மாதம் 4,000 ரூபாவை 10ஆம் திகதிகளில் வங்கி ஊடாகச் செலுத்துவேன். பெரும்போக அறுவடையின் பின் மார்ச் மாதம் 25,000 ரூபா செலுத்துவேன். செலுத்திய தொகை, மீதி முதல், வட்டி, தண்டம் என்பவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்கறிக்கையை 14 நாட்களுக்குள் தரவும். … திகதி … மணிக்கு உங்கள் உத்தியோகத்தர் பின்வரும் வார்த்தைகளைப் பேசினார்: … இனி எழுத்தில் மட்டும் தொடர்பு கொள்ளவும்.”

தொகையை உங்களால் முடிந்ததற்குக் கொஞ்சம் கீழேயே வையுங்கள். பயத்தில் 8,000 என்று எழுதிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் கடிதத்துக்கு மதிப்பில்லை. வெள்ளாமைக் கூலியில் வாழ்கிறவர் வெட்டு முடிகிற மாதத்தையும், கிழக்குக் கரையோரத்து ஆள் மாரியில் கடல் கொந்தளிக்கும் மாதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் பெரிய தவணை ஒப்புக்கொள்வது தன்னையே ஏமாற்றுவது. காசை ஒருபோதும் ஆளின் கையில் கொடுக்காதீர்கள், வங்கியில் போட்டுச் சிலிப்பை வைத்திருங்கள். “புதுசா ஒரு ஒப்பந்தம் போடுவம்” என்றால் கவனம். தண்டமும் வட்டியும் முதலோடு சேர்ந்து, அதற்கு மேல் புது வட்டி ஓடத் தொடங்கும். பல வருடம் பழைய கடனுக்கு “ஐந்நூறாவது கட்டுங்க” என்று வந்தாலும் அவசரப்பட வேண்டாம். எழுத்திலான கடனுக்கு 6 ஆண்டு, எழுத்தில்லாததற்கு 3 ஆண்டு என்ற கால எல்லை உண்டு. சின்னத் தொகை ஒன்று கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் அந்தக் காலம் மறுபடி ஓடத் தொடங்கலாம்.

நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், இலக்கம் 1935. முதலில் நிறுவனத்துக்கு முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு அதற்குத்தான். 2023ஆம் ஆண்டின் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். உரிமம் இல்லாத மீற்றர் வட்டிக்காரருக்கு 1935 உதவாது. அங்கே பொலிஸ், மத்தியஸ்த சபை, நீதிமன்றம் என்பனதான் வழி. மத்தியஸ்த சபை தீர்ப்புச் சொல்லாது, இருவரும் ஒத்துக்கொண்டால் இணக்கத்தை எழுதித் தரும்.

பொலிஸில் “கடன் பிரச்சினை, சிவில் கேஸ் போடுங்க” என்று திருப்பி அனுப்புவது வழக்கம். அதற்கு இடம் கொடுக்காமல், கடனைப் பற்றி அல்ல, மிரட்டலைப் பற்றித்தான் முறையிட வந்தேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வர வேண்டாம். அம்பாறை நகரப் பக்கம் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படலாம். தமிழில் எழுதும்படி கேளுங்கள், வாசிக்க முடியாததில் கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, அல்லது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள். பெண்கள் மகளிர் உதவி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம்.

ஃபோன் அப் கடன் என்றால் முதல் வேலை, அந்த அப்புக்குக் கொடுத்த தொடர்புப் பட்டியல், படங்கள் ஆகிய அனுமதிகளை நிறுத்துவது. அதற்குமுன் கடன் விபரப் பக்கங்களை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அப்பை அழித்தால் அவை போய்விடும். பிறகு உறவினர், நண்பர்களுக்கு நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கள்: “என்ட பேரில யாராவது அசிங்கமா மெசேஜ் அனுப்பினா பதில் போடாம எனக்கு அனுப்புங்க.” அவர்களின் ஆயுதமே உங்கள் வெட்கம்தான். நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் அதில் பாதி போய்விடும்.

மோட்டார் சைக்கிளையோ ஓட்டோவையோ சீஸ் பண்ண (கைப்பற்ற) வந்தால் கைகலப்பு வேண்டாம். கம்பனி தந்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டுப் படம் எடுங்கள். கடிதம் இல்லாமல் வீதியில் மறித்துச் சாவியைப் பறித்தால் உடனே பொலிஸ் அவசர இலக்கம் 119. கொடுப்பதென்றால் மீற்றர் அளவு, டயர், பெட்டியில் இருந்த பொருட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாகனம் போனதோடு கடன் முடியாது. விற்றுக் குறைந்த தொகையைப் பின்னர் கேட்பார்கள்.

நீதிமன்றக் கடதாசி வந்தால் அன்றைக்கே செயற்படுங்கள், இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் முதலிலேயே இடைக்காலத் தீர்ப்புப் பிறந்துவிடும். குறிப்பிட்ட திகதிக்குள் சத்தியக்கடதாசியோடு போய் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்காவிட்டால் அது நிலையாகிவிடும். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு வருமான விபரம், ஒப்பந்தம், சிலிப்புகள், அந்தக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். தீர்ப்பே வந்தாலும் உடை, படுக்கை, தொழில் செய்யும் கருவிகள் போன்றவற்றைக் கைப்பற்ற முடியாது.

பிணை நின்ற மச்சானுக்கும் இதே கடிதங்களின் பிரதி போகட்டும். அவருடைய சிஆர்ஐபி (கடன் தகவல் பணியகத்தின்) அறிக்கையிலும் இந்தக் கடன் நிற்கிறது. இரவில் நித்திரை இல்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

கடைசித் தவணை கட்டிய நாளில் “கடன் தீர்ந்தது” என்ற கடிதத்தையும், கையெழுத்திட்ட நோட்டையும், கொடுத்த செக்குகளையும் திருப்பி வாங்குங்கள். வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் கம்பனியின் பெயரை நீக்கும் கடிதமும் வேண்டும்.