டிஎன் வண்டிக்கு கேரளா ஃபைன் வந்தா எங்க கட்டறது?

கேரளா பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறைல சின்னதா ஆன்லைன் சென்டர் வெச்சிருக்கேங்க. வாரத்துக்கு நாலு பேராச்சும் "தம்பி, கோர்ட்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு, வக்கீல் புடிக்கணுமா"ன்னு பதறிப்போய் வர்றாங்க. வேண்டாங்க. ஹெல்மெட், சீட் பெல்ட் மாதிரி சில்லறை கேஸெல்லாம் கட்டாம விட்டா இப்ப விர்ச்சுவல் கோர்ட்டுக்குத்தான், அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குத்தான் போகுது, திண்ணைல உக்காந்தே கட்டிடலாம். 2023 ஜூன்ல கேரளா பூரா ரோட்டுல ரூல் மீறறவங்களப் புடிக்கற 726 கேமரா கண்ணு முழிச்சதுக்கப்புறம் இந்தக் கூட்டம் ஜாஸ்தி ஆயிருச்சு. மெசேஜ்ல "பிழ"ன்னு இருந்தா தப்பு ஏதோ சொல்றாங்கன்னு விட்றாதீங்க, மலையாளத்துல அதுதான் ஃபைன்.

மொதல்ல ஈசலான் பரிவாஹன்னு (echallan.parivahan.gov.in) கவர்மென்ட் சைட்ல பாருங்க. வண்டி நம்பரோட எஞ்சின் இல்ல சேசிஸ் நம்பர்ல கடைசி அஞ்சு போட்டா எத்தனை சலான், அதாவது ஃபைன் நோட்டீஸ், நிக்குதுன்னு வந்துரும். பணம் கட்டற பட்டன் இருந்தா அங்கயே முடிச்சிருங்க. கோர்ட்டுக்கு அனுப்பியாச்சுன்னு காட்டுச்சுன்னா அங்க தலைகீழா நின்னாலும் வாங்காது, அந்த விர்ச்சுவல் கோர்ட்டோட விகோர்ட்ஸ் (vcourts.gov.in) சைட்டுக்குப் போகணும்.

இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது. ஸ்டேட் கேக்கும்போது நம்பர் பிளேட்டப் பாக்காதீங்க, எந்த ஊர்ல மாட்டுனீங்களோ அந்த ஸ்டேட். இளநீ லோடு அடிக்கற அண்ணன் ஒருத்தர், டிஎன் 41 பைக், தமிழ்நாடுன்னு போட்டு மூணு தடவ தேடிட்டு ஒண்ணுமே இல்லன்னு நிம்மதியா இருந்துட்டார். நான் கேரளான்னு போட்டேன். அதுலயும் போலீஸ் டிபார்ட்மென்ட், டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்னு ரெண்டு இருக்கும், கேமரா கேஸ்னா டிரான்ஸ்போர்ட்ல மொதல்ல பாருங்க. அண்ணன் பேர்ல ரெண்டு 500 ரூவா சலான் நின்னுச்சு. சலான் போட்டோவ பெருசாக்கிப் பாத்தா பின்னாடி மச்சான், மடில தேங்கா மூட்ட, தலைல வெறும் துண்டு. "இவனுக்கும் நான்தான் கட்டணுமா"ன்னார். வண்டி உங்க பேர்லதானுங்க இருக்கு.

வண்டி நம்பரோ மொபைல் நம்பரோ போட்டுத் தேடி கேஸைத் திறந்தா ரெண்டு வழி கேக்கும், ஃபைன் கட்டறேன்னு ஒண்ணு, கேஸ் நடத்தறேன்னு ஒண்ணு. ரெண்டாவத அவசரத்துல அமுக்கிட்டா அது நெஜக் கோர்ட்டுக்குப் போயிரும், அப்புறம் வேலைய விட்டுட்டு நடக்கணும். நெஜமாவே அது உங்க வண்டி இல்லன்னா மட்டும் அதத் தொடுங்க. கட்டறேன்னா ஓடிபி, அப்புறம் யுபிஐயோ கார்டோ, அவ்வளவுதான், ரசீத டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. பணம் போயி பேஜ் சுத்திக்கிட்டே நின்னா உடனே மறுபடி கட்டாதீங்க. நான் ஒரு தடவ பொறுமையில்லாம ரெண்டாவதும் கட்டி, திரும்ப வர்றதுக்குள்ள கஸ்டமர் மொகத்துல முழிக்க முடியல.

வாட்ஸப்ல சலான்னு சொல்லி ஏபிகே ஃபைல் (ஃபோன்ல ஆப் ஏத்தற ஃபைல்) வந்தா தொடவே தொடாதீங்க, ஃபோன் போயிரும், அக்கவுன்ட்டும் காலி. சைட் பேரு .gov.in-னு முடியுதான்னு பாருங்க. ஏற்கனவே அமுக்கி ஏமாந்துட்டீங்கன்னா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு உடனே கூப்புடுங்க.

பாதிப்பேரு கட்டாம கெடக்கறது காசு இல்லாம இல்லீங்க, மெசேஜே வர்றதில்ல. வண்டி எடுக்கும்போது ஏஜென்ட் அவரோட நம்பரக் குடுத்திருப்பார், நோட்டீஸெல்லாம் அவர் ஃபோன்ல தூங்கிட்டு கெடக்கும். ஆர்சிய எடுத்துக்கிட்டு பரிவாஹன்ல உங்க நம்பர மாத்திருங்க. பழைய வண்டிய வித்தவங்க பேர் மாத்தியாச்சான்னு இன்னைக்கே பாருங்க, அவன் ஓட்டறதுக்கு உங்க பேர்லதான் சலான் வரும்.