பாடத்தைப் படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

முதல் வகுப்புக் குழந்தை பாடத்தைக் கடகடவென்று வாசித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பல முறை கேட்டதை அப்படியே ஒப்பிக்கலாம். பாடத்தில் இல்லாத சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், தெரிந்துவிடும்.

247 எழுத்தும் முடியட்டும், அப்புறம் சொல் என்று காத்திருக்க வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். சரி, இதில் துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. தானே ஒரு சொல்லைக் கூட்டி வாசித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பாருங்கள், அடுத்த எழுத்தை அதுவே கேட்கும்!

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பில் இருக்கும் குழந்தை ஆண்டு முழுக்க அங்கேயே இருந்துவிடக் கூடாது. வாரம் ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஐந்தாறு புதுச் சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் எழுத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சந்திக்கும்போது அந்தக் குறிப்பைப் பகிருங்கள். ல, ள, ழ தடுமாற்றம் அங்கேயும் நிச்சயம் இருக்கும்.