முற்றிய புற்றுநோய்: தொந்தரவுகளுக்கு எண் போடுங்கள், பாலியேட்டிவ் கேரை முன்னாலேயே கேளுங்கள்

"எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம், ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டது அந்த நேரத்தில் வாயில் வராது. அதனால் நோட்டில் எழுதுங்கள். 1991-ல் வந்த எட்மன்டன் அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது: வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று ஒன்பதுக்கும் 0 (தொந்தரவே இல்லை) முதல் 10 (மிக மோசம்) வரை எண். மலச்சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணை நோயாளியே சொல்லட்டும், நீங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். 4-ஐத் தொட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், 7 வந்தால் அன்றைக்கே. முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டினாலோ எண்ணெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், பாலியேட்டிவ் கேர் என்றாலே "கைவிட்டுட்டாங்க" என்று பயப்படுகிறார்கள். இல்லவே இல்லை, வலி மாதிரியான தொந்தரவுகளைத் தணிக்க, கீமோ நடக்கும்போதே கூடவே நடக்கிற சிகிச்சை அது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொடக்கத்திலேயே இதைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. நோய் முற்றியது என்று தெரிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, டாக்டர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயந்து தள்ளிப்போடாதீர்கள், சொன்ன அளவில் கொடுங்கள், ஆனால் அது மலச்சிக்கல் உண்டாக்கும், அதனால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.