காக்கை துரத்திய கூகை கீழே விழுந்தால்

முதலில் ஆளை அடையாளம் பாருங்கள். பாதியாய் அறுத்த ஆப்பிள் போன்ற வெள்ளை முகம், கறுத்த கண் என்றால் கூகை என்னும் ஆந்தை. மஞ்சள் கண்ணோடு சின்னதாக இருந்தால் புள்ளி ஆந்தை.

'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்ற குறள் இங்கே நடைமுறைப் பாடம். அடிபடாத கூகையைக்கூடப் பகலில் பறக்கவிட்டால் காக்கைகள் கொத்திக் கீழே தள்ளிவிடும். இருட்டும்வரை வைத்திருங்கள்.

எல்லோரும் அலகுக்குப் பயப்படுவார்கள். கிழிப்பது கால் நகம். தடித்த துண்டைப் போர்த்தி, இறக்கைகளை உடம்போடு அணைத்து, கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடியுங்கள். தலையை ஆட்டிச் சீறும், அலகைச் சொடுக்கும். நோயில்லை, வெறும் மிரட்டல்.

ஒன்றரை அடி அட்டைப்பெட்டி போதும். பக்கவாட்டில் பேனா நுழைகிற அளவில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, அடியில் பழைய துணி. வெறும் செய்தித்தாள் என்றால் கால் வழுக்கும். கம்பிக் கூண்டில் இறகு ஒடியும். பால், சோறு, பிரெட் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் உயிரே போகும். வளர்ந்த பறவைக்கு ஒரு பகல் பட்டினி பெரிதில்லை.

இருட்டியதும் எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், பெட்டியை மதில்மேல் வைத்துத் திறந்துவிட்டு விலகுங்கள். தூக்கி எறிய வேண்டாம். இறக்கை தொங்கினால், ரத்தம் கசிந்தால், துவண்டு கிடந்தால் (எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம்) உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெள்ளைப் பஞ்சுக் குஞ்சு விழுந்து கிடந்தால் பொந்தைத் தேடுங்கள். சுவரில் சுண்ணாம்பு வழிந்தது போல எச்சம், அதன் கீழே கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி முடியும் மண்டையோடும் வரும். கூகை கக்கியவை அவை. பொந்துக்குள் குஞ்சுகள் ஏணிப்படி போல உயரம் மாறி நிற்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் அப்படி. அளவு ஒத்துவரவில்லையே என்று தயங்காமல் அதையும் உள்ளே விடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை.

'சாவுக்குருவி வீட்டில் தங்கலாமா' என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். ராத்திரி சன்ஷேடில் குறட்டை மாதிரி கேட்பது குஞ்சுகள் இரைக்குக் கத்துவது என்று சொல்லிப் பாருங்கள். பொரித்து இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அதற்குப் பிறகு வேண்டுமானால் அந்தச் சந்தில் வலை அடித்துக்கொள்ளலாம்.